காசு கொடுத்து வாங்கிய திருட்டு வேன்

வக்கீல் தொழிலில் பொய்யோடு வரும் கட்சிக்காரரைச் சமாளித்துவிடலாம். வெறும் உண்மையை மட்டும் வைத்துக்கொண்டு வந்து உட்காருகிறவரோடுதான் பெரும்பாடு. இரண்டாயிரத்துக்குப் பிறகான அந்த வருஷங்களில் நான் ஓசூர் கோர்ட்டில் பிராக்டிஸ் செய்துகொண்டிருந்தேன். அப்படி உண்மையோடு வந்தவர்கள்தான் பழனியும் அவர் மனைவி செல்வியும். பழைய வண்டி வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர் யாராவது இதைப் படித்தால், துணைக்கு ஆள் இருக்கிறது என்று கொஞ்சம் ஆறுதல் அடையலாம்.

நம்பர் மாற்றப் போன இடம்

பழனிக்குப் பரமக்குடிப் பக்கம். ஓசூரில் ஒரு பாக்டரியில் மெஷின் ஆபரேட்டர். செல்விக்கு நாகரசம்பட்டி. மூக்கண்டப்பள்ளியில் வாடகைக்கு இருந்தார்கள். சீசனில் செல்வி தன் அண்ணன் தோப்பிலிருந்து மாம்பழம் கொண்டுவந்து, பாக்டரி ஆட்கள் குடியிருக்கும் தெருக்களில் விற்பாள். கூடையைப் பஸ்ஸில் ஏற்றவிடாமல் கண்டக்டர்கள் படுத்திய பாட்டில், குருபரப்பள்ளியில் ரோட்டோரம் பழைய வண்டி விற்கும் சங்கரிடம் ஒரு வெள்ளை வேன் வாங்கினார்கள். கர்நாடகா நம்பர்.

எல்லையோர ஊரில் அது ஒரு குறையே இல்லை. பாதி வண்டிகள் அப்படித்தான் வருஷக்கணக்கில் ஓடும். பழனியோ ஒரு நாள் லீவு போட்டு, தமிழ்நாடு நம்பருக்கு மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு வேனை ஓட்டிக்கொண்டு போனார். அங்கே இன்ஸ்பெக்டர், வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பார்த்தார். எண்கள் ஒரு வரிசையில் நிற்கவில்லை. பழைய நம்பரை ராவிவிட்டு மேலே வேறு நம்பர் அடித்திருந்தார்கள். விபத்தில் நொறுங்கிப்போன ஏதோ ஒரு வேனின் ஆர்.சி. புத்தகத்தைத் திருட்டு வேனுக்கு மாட்டிவிட்டிருக்கிறார்கள். புத்தகம் அசல், வண்டிதான் வேறு. வேன் அங்கிருந்தே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனது, பழனி அங்கிருந்து என் ஆபீஸுக்கு வந்தார்.

"எங்க பாக்டரில அம்புட்டுப் பேரும் கர்நாடகா நம்பர்லதான் ஓட்டுறாக மேடம். நான் ஒருத்தன்தான் சட்டப்படி போவோம்னு போனேன்."

விலை விசாரணை

மறுநாள் ஸ்டேஷனுக்குப் பழனி, செல்வி, நான் மூன்று பேரும் போனோம். பழனிக்குச் சட்டைக் காலரெல்லாம் வியர்வை. பாக்டரியில் தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம் அவருக்கு. வழியில் நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்: திருட்டுப் பொருளை வாங்கினால் மட்டும் குற்றவாளி ஆகிவிட மாட்டோம். திருட்டு என்று தெரிந்தோ, சந்தேகப்படக் காரணம் இருந்தோ வாங்கியிருக்க வேண்டும். தெரிந்து வாங்கியவன் எவனும் அந்த வண்டியைத் தானாகவே ஆர்.டி.ஓ. ஆபீஸில் கொண்டுபோய் நிறுத்த மாட்டான்.

சப்-இன்ஸ்பெக்டரிடமும் அதைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, செல்வியிடம் திரும்பினார். "ரொம்ப சல்லிசா வந்திருக்குமே? அப்பவே சந்தேகம் வரலயாம்மா?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் செல்வி பதில் சொல்லிவிட்டாள். அதற்கு மேல் நான் வாதாட அங்கே ஒன்றும் மிச்சமில்லை. பழனியைக் குற்றவாளியாகச் சேர்க்காமல் சாட்சியாகவே எழுதிக்கொண்டார்கள்.

"சல்லிசா எங்கீங்க சார் குடுத்தான்? இதே மாதிரி வண்டிய இதவிடக் கம்மியா எங்க பக்கத்து வீட்டுக்காரரு வாங்கினாரு. நாங்க ஏமாந்து சாஸ்தியாத்தான் குடுத்தோமுங்க."

குருபரப்பள்ளிச் சங்கர்

அடுத்ததாகச் சங்கரைப் பார்க்கப் போனோம். பரோட்டாக் கடைக்குப் பக்கத்துக் காலி மனையில் கார்களை வெயிலில் நிறுத்திவைத்து, நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தெலுங்கில் ஒருவரிடமும் கன்னடத்தில் இன்னொருவரிடமும் பேசி அனுப்பிவிட்டு எங்களிடம் தமிழில் கை விரித்தார். அவரும் பெங்களூர் ஆள் ஒருவனிடம்தான் வாங்கினாராம். அந்த ஆள் இப்போது போன் எடுப்பதில்லையாம். பார்த்துத் திருப்திப்பட்டுத்தானே வாங்கினார்கள், இப்போது வந்து கேட்டால் எப்படி என்றார்.

பார்த்து வாங்கினால் பொறுப்பு போய்விடும் என்று பல பேர் நம்புகிறோம். டயர் தேய்ந்திருந்தால், கதவு கிறீச்சிட்டால் அது சரி. ஆனால் ஒருவர் ஒரு பொருளை விற்கிறார் என்றால், 'இதை விற்க எனக்கு உரிமை இருக்கிறது' என்று அவர் வாயால் சொல்லாவிட்டாலும் சொன்னதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். உரிமை இல்லையென்று ஆகிவிட்டால், கொடுத்த விலையைத் திருப்பிக் கேட்கலாம். விற்றவருக்கும் தெரியாது என்பது அவருக்கு ஜெயிலிலிருந்து விடுதலை தரும், பணத்திலிருந்து தராது. இதையெல்லாம் நிதானமாகச் சொன்னேன். சங்கரும் நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"வண்டி ஓடுமான்னு கேட்டாங்க, ஓடும்னேன், ஓடுச்சு. யாரோடதுன்னு ஒருத்தரும் கேக்கலையே மேடம்."

மாம்பழ வாசனை

ராவிய நம்பரை மருந்து போட்டு வெளியே கொண்டுவந்ததில், வேனுக்குச் சொந்தக்காரர் பெங்களூரில் கிடைத்தார். பெயர் சரோஜம்மா. ஆபீஸ்களுக்கு மதியச் சாப்பாடு செய்து அனுப்புகிறவர். திருட்டுக்கு இன்சூரன்ஸ் எடுக்கவில்லை, அதனால் ஒரு பைசா வரவில்லை. வேன் போனதிலிருந்து பாத்திரங்களை ஆட்டோவில் அனுப்பியதில் நேரம் தவறி, பாதி ஆபீஸ்கள் கைவிட்டுப் போயிருந்தன.

வழக்கு முடியும்வரை வண்டி யாரிடம் இருப்பது என்று கோர்ட்டில் மனு. பழனி பெயரில் நான் போட்டேன், சரோஜம்மாவும் போட்டார். தோற்போம் என்று முன்கூட்டியே சொல்லித்தான் போட்டேன். திருடனுக்கு இல்லாத உரிமை அவனிடம் வாங்கியவனுக்கும் வராது, அவனிடமிருந்து வாங்கிய நமக்கும் வராது. நாம் எவ்வளவு யோக்கியமாக வாங்கினாலும் சரி. பழனி இதை மறுபடி மறுபடி கேட்டார், மறுபடி மறுபடி சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அவர் முகம் புதிதாகத்தான் வாடியது. செல்வி மட்டும் வராந்தாவில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த அந்த அம்மாளையே முறைத்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாளும் சளைக்காமல் முறைத்தார்.

அடையாளம் காட்டுவதற்காக வேனின் பின்கதவைத் திறந்தபோது எல்லோரும் பக்கத்தில் நின்றோம். சரோஜம்மா தலையை உள்ளே விட்டு ஒரு மூச்சு இழுத்தார். தளத்தில் இருந்த ஒரு நசுங்கலைக் காட்டி, பெரிய அண்டா விழுந்த இடம் என்றார். அதுவரை செல்வி மனசுக்குள் ஒரு பிடிவாதம் இருந்திருக்கும்போல, அந்த நசுங்கலைப் பார்த்ததும் அது விட்டுப்போனது. கூடை வைக்கும்போதெல்லாம் அந்த இடத்தில்தான் சாய்கிறது என்று அவளே திட்டியிருக்கிறாள். சரோஜம்மா நிமிர்ந்து செல்வியைப் பார்த்து, கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்.

"நம்ம வண்டில யாவாகலும் சாம்பார் வாசனை பரும். இப்போ மாம்பழ வாசனை பருதும்மா. நீயும் வேலைக்குத்தான் வச்சிருந்தியா?"

நாலு டயர்

வேன் சரோஜம்மாவிடம் போனது. வழக்கு முடியும்வரை விற்கக் கூடாது, பெயின்ட் மாற்றக் கூடாது, கூப்பிட்டால் கொண்டுவர வேண்டும் என்று நிபந்தனை. ஒப்படைக்கும் அன்று பழனி வேனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அதற்கு அவர் நாலு புது டயர் போட்டிருந்தார். போன மாசம்தான் பாட்டரியும் மாற்றியிருந்தார். அவருக்கு அழுகை வந்திருக்க வேண்டும், வண்டிக்கடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்து கொண்டார்.

சரோஜம்மா டயரைப் பார்த்தார், பழனியைப் பார்த்தார். என்னிடம், இதற்குச் சட்டத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டார். அதற்குத் தனியாக வழக்குப் போட்டு அலைய வேண்டும், நீங்களாகப் பேசி முடித்தால் நல்லது என்றேன். டயருக்கும் பாட்டரிக்கும் பில் கொடுங்கள், மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறேன் என்றார். சொன்னபடி தந்தும் முடித்தார். அன்றைக்குப் பழனி நிமிர்ந்து ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார்.

"ரெண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பண்ணும்மா. அதட்டாம, மெதுவாப் போடச் சொல்லுங்க."

தோரணம் கட்டும் நேரம்

பாக்கி இருந்தது சங்கர். நோட்டீஸ் அனுப்பினேன், பதில் இல்லை. வழக்குப் போட்டேன். இத்தனை மாசம் ஓட்டியதற்குக் கழித்துக்கொள்ள வேண்டும் என்று அவர் தரப்பில் வாதம். ஓட்டியது சரோஜம்மாவின் வண்டியை, அதற்கு வாடகை கேட்கச் சங்கர் யார் என்று நான் கேட்டேன். நீதிபதி சிரித்தாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, குனிந்துகொண்டார்.

ஆனால் விஷயம் தீர்ப்புவரை போகவில்லை. ஆயுத பூஜைக்கு முன்னால் சங்கர் என் ஆபீஸுக்கு வந்தார். பூஜை சமயத்தில்தான் அவருக்கு வியாபாரம். செல்வி மாம்பழம் விற்கிற வீடெல்லாம் கதை பரவி, மூக்கண்டப்பள்ளியிலிருந்து ஒரு ஆள்கூட அவரிடம் வண்டி பார்க்கப் போகவில்லை. முழு விலையையும் கொடுத்து, வழக்கை முடித்துக்கொண்டு, என் மேஜை ஓரத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"அந்தம்மா வாயை மூட ஏதாச்சும் ஸ்டே ஆர்டர் வாங்க முடியுமாங்க மேடம்?"

அடுத்த வேன்

அந்தப் பணத்தில் வேறு ஒரு வேன் பார்த்தார்கள். என்னையும் கூப்பிட்டாள் செல்வி. விற்பவர் சூளகிரிக்காரர், சொந்தமாக ஓட்டிய வண்டி. செல்வி குனிந்து சேசிஸ் நம்பர் மேல் காகிதம் வைத்துத் தேய்த்தாள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள பெயரும் அவர் ரேஷன் கார்டில் உள்ள பெயரும் ஒன்றா என்று பார்த்தாள். முதலில் ஆர்.டி.ஓ. ஆபீஸ், பிறகு போலீஸ் ஸ்டேஷன், அப்புறம்தான் அட்வான்ஸ் என்றாள். பழனி ஓரமாக நின்று கியரைப் போட்டுப் போட்டுப் பார்த்தார்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த சூளகிரிக்காரர், "வண்டி வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டார். செல்வி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டாள்.

"பொண்ணு பாக்கறதுன்னா இவ்ளோ தூரம் விசாரிக்க மாட்டமுங்க."

இத்தனை வருஷம் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு அலைந்ததில் எனக்குப் புரிந்தது இதுதான்: தெரியாமல் ஏமாந்தவரைச் சட்டம் கைவிடுவதில்லை, என்ன, வண்டியை மட்டும் வாங்கிக்கொண்டு பஸ் ஏற்றி அனுப்பிவைக்கும்.