ஒரே துணியில் இரண்டு கவுன்

பிடோக் கோப்பிக்கடையில் எனக்கு முன்னால் நிற்பவர் என்ன கேட்கிறாரோ, அதையேதான் நானும் குடிக்கிறேன். "சேம்" என்று ஒரு சொல் சொன்னால் போதும், வேறு பேச்சு வேண்டியதில்லை. நான் நாலாம் வகுப்போடு நின்றவள், கூச்சக்காரி வேறு. இந்தச் சொல்லைப் பள்ளிக்கூடத்தில் கற்கவில்லை. அம்மாவிடமிருந்து வந்தது. கோப்பி ஆறும்வரை அதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அம்மாவுக்கு ஆங்கிலத்தில் தெரிந்தது அந்த ஒன்றுதான். தீபாவளிக்கு முன்னால் சிராங்கூன் ரோட்டுத் துணிக்கடையில் சீனக் கடைக்காரரிடம் இரண்டு விரலைக் காட்டி "சேம்" என்பாள். ஒரே துணியில் இரண்டு கவுன் தைப்பாள். ஒன்று எனக்கு. இன்னொன்று குவீன்ஸ்டவுனில் இருந்த சித்தி மகளுக்கு.

அவள் என் கூடப் பிறந்தவள். பிள்ளையில்லாத சித்திக்குத் தொட்டிலிலேயே கொடுத்துவிட்டார்கள். இது எனக்குக் கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம், என் கவுனை ஒரே நாளில் முடித்துவிடுகிற அம்மா அவள் கவுனைப் பிரித்துப் பிரித்துத் தைக்கிறாள் என்பதுதான்.

தீபாவளியன்று இரண்டு குடும்பமும் கோயிலில் சந்திப்போம். ஒரு வருஷம், சித்தி கால் கழுவப் போன நேரத்தில், யாரோ ஒரு அம்மாள் எங்கள் இருவரையும் பார்த்து, "ரெண்டும் உங்க பிள்ளைங்களாம்மா?" என்று கேட்டாள். அம்மா சித்தி போன பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "ஆமா" என்றாள். கோயிலில் நின்றுகொண்டு பொய் சொல்கிறாளே என்று எனக்கு ஆத்திரம்.

அடுத்த தீபாவளிக்குப் புதுக் கவுனைத் தொடமாட்டேன் என்று தையல் மெஷின் காலைப் பிடித்துக்கொண்டேன். அப்பா அதட்டினார். அம்மா கெஞ்சினாள். கடைசியில் பள்ளிக்கூடச் சட்டையோடுதான் கிளம்பினேன். சித்தப்பாவுக்குப் பினாங்குக்கு வேலை மாறியிருந்ததும், மாதக் கடைசியில் அவர்கள் போகப்போவதும் அம்மாவுக்குத் தெரியும். எனக்கு யாரும் சொல்லவில்லை.

கோயில் வாசலில் சித்தி மகள் மஞ்சள் பூப்போட்ட கவுனில் ஓடிவந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"அக்கா, உன் சேம் எங்கக்கா?"

அவளுக்கு அந்தக் கவுனின் பேரே அதுதான்.

"உன்கூட ஒண்ணும் சேம் வேணாம், போ" என்றேன்.

அம்மா என்னைத் திட்டவில்லை. சித்தி கால் கழுவப் போனதும், எங்களை ஆளுக்கொரு கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். உள்ளே வருகிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். சிலர் சிரித்துவிட்டுப் போனார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. சித்தி ஈரக் காலோடு திரும்பி வந்தபோதுதான் அம்மா சித்தி மகளின் கையை விட்டாள்.

அம்மா யாரோ தெரிந்தவரைத் தேடுகிறாள் என்று நினைத்து, நானும் எட்டி எட்டிக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.