சாம்பிராணி டப்பாவில் இருந்தவள்

வெள்ளிக்கிழமை மதியம், வளைகுடாவில் நாங்கள் குடியிருந்த ரூவியில் ஒரு ஈ காக்காய் இருக்காது. கடைகள் ஷட்டரை இறக்கியிருக்கும், டாக்ஸிக்காரர்கள் தொழுகைக்குப் போயிருப்பார்கள். எதிர்க் கட்டிடத்து ஏசி பெட்டிகள் மட்டும் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும். அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் அம்மா வீடு முழுக்கச் சாம்பிராணி போடுவாள்.

எனக்கு அப்போது எட்டு வயது. அம்மா வயிற்றில் தம்பி இருந்தான். அதற்கு முன்னால் இரண்டு தடவை தங்காமல் போயிருந்ததால், நாலாவது மாதத்திலிருந்து இந்தப் புகை வைபவம் ஆரம்பமானது. கீழே கடையில் மூட்டை மூட்டையாக லுபான் என்கிற அரபுச் சாம்பிராணி கிடைக்கும். அம்மா அதைச் சீண்டமாட்டாள். "நம்ம ஊர்ச் சாம்பிராணி மாதிரி வருமா?" என்று, விருதுநகரிலிருந்து வருகிற ஆட்களிடம் சொல்லியனுப்பி வரவழைத்து, ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் பூட்டாத குறையாக வைத்திருந்தாள்.

முதல் வெள்ளிக்கிழமை புகை எழுந்ததும், வீட்டு வேலைக்கு இருந்த அக்கா சமையலறையிலிருந்து ஈரக் கையோடு வந்து கூடத்தின் நடுவே நின்றாள். முகத்தில் ஒரு அசைவு இல்லை. கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. டப்பாவிலிருந்து ஒரு கட்டியை எடுத்து முகர்ந்தாள், ஓரத்தைப் பல்லால் கடித்துப் பார்த்தாள்.

"மேடம், இது எங்க ஊரு" என்றாள்.

அம்மாவுக்குச் சுருக்கென்று வந்தது. "பாத்தீங்களா கூத்தை! நம்ம ஊர்ச் சாம்பிராணிய அவ ஊருதுங்கறா" என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா பேப்பரைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை.

அக்கா சுமத்ராவில் மலைமேல் இருக்கிற பத்தாக் இன மக்களின் கிராமத்துக்காரி. எங்களிடம் வந்து ஒன்றரை வருடத்தில் அம்மாவின் வாயைப் பார்த்தே தமிழ் பேசக் கற்றிருந்தாள். பால்கனியில் துணி காயப்போடும்போது ஊர்க்கதை சொல்வாள். மழையையே வருடத்துக்கு ஒருமுறை பார்க்கிற எனக்கு அது எல்லாமே வேறு கிரகம். மத்தியானம்வரை விலகாத பனிமூட்டம். இரண்டு முனையும் வானத்தைப் பார்த்துத் தூக்கி நிற்கிற கூரைகள். மரக்காலில் நிற்கிற வீடு, அதற்கடியில் பன்றிகள். வயலுக்கு நடுவே செத்தவர்களுக்கென்று சிமெண்டில் வீடு கட்டிப் பெயின்ட் அடித்திருப்பார்களாம். உயிரோடு இருக்கிறவர்கள் வீட்டைவிட அது பெரிதாம். புதைத்துப் பல வருடம் கழித்து எலும்பை எடுத்துக் கழுவி அங்கே குடிவைப்பார்களாம்.

"எலும்பைக் கழுவுவீங்களா?" என்று நான் வாயைப் பிளந்தேன்.

"மஞ்சத் தண்ணி வெச்சு கழுவும். தாத்தா புது வீட்டுக்குக் குளிக்காம போகுமா?" என்றாள், அசராமல்.

சாம்பிராணி மரத்தின் கதையையும் அங்கேதான் சொன்னாள். அது மரமே இல்லையாம், ஒரு பெண்ணாம். பிடிக்காத கல்யாணத்துக்குப் பயந்து காட்டுக்குள் ஓடி, அங்கேயே நின்று அழுது அழுது மரமாகிப் போனவளாம். அக்காவின் அப்பா திங்கட்கிழமை அரிசியும் கருவாடும் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போனால், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குத்தான் திரும்புவார். மரத்தைக் கீறுவதற்கு முன்னால் பச்சரிசி மாவில் தேங்காயும் வெல்லமும் பிசைந்து, விரல் பதியக் கையால் பிடித்து அவள் காலடியில் வைப்பார். நல்ல வார்த்தை சொல்லுவார், பாட்டுப் பாடுவார். அப்போதுதான் அவள் அழுவாள். அந்தக் கண்ணீர்தான் இறுகிக் கட்டியாகிறது.

"அப்பா காட்டுல இருக்கும்போது வீட்டுல யாரும் பொய் சொல்லக்கூடாது பாப்பா. சொன்னா அவளுக்குத் தெரியும். அழமாட்டா."

அதற்குப் பிறகு அந்த டப்பாவை நான் பார்த்த பார்வையே வேறு. ஜூன் மாத வெயிலில் கட்டிகள் இளகி, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கிடந்தன. பழுப்புக்கு நடுவே வெள்ளை வெள்ளையாய்ச் சொட்டுகள், விழித்திருக்கிற கண்கள் மாதிரி. யாரும் தொடாமலே டப்பா மூடி சில மதியங்களில் 'டிக்' என்று சத்தம் போடும். தகரம் வெயிலில் விரிந்திருக்கும் என்று இன்றைக்குச் சொல்லலாம். அன்றைக்கு நான் பால்கனிக்கு ஓடிவிடுவேன்.

அந்த மாதத்தில்தான் அக்காவுக்கு ஊரிலிருந்து போன் வந்தது. அவளுடைய அப்பா மரத்திலிருந்து விழுந்துவிட்டார், படுக்கையைவிட்டு எழுந்திருக்கவில்லை. அக்கா லீவு கேட்டாள். அவள் பாஸ்போர்ட் எங்கள் அப்பாவின் பீரோவில் இருந்தது. "எல்லா ஃப்ளைட்டும் ஃபுல்லும்மா, பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்" என்றார் அப்பா. பத்து நாள் கழித்து மறுபடி கேட்டாள், மறுபடி ஃபுல். மூன்றாவது தடவை கேட்டபோது அம்மாவே சொல்லிவிட்டாள், "என் பிரசவம் முடியட்டும், அப்புறம் ராஜாத்தியா போயிட்டு வா." அக்கா தலையாட்டிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள்.

அந்த வெள்ளிக்கிழமை புகை வந்தபோது, அவள் சுவரோரம் நின்று தன் பாஷையில் முணுமுணுவென்று அதனோடு பேசினாள். புகை வளைந்து அவள் பக்கமாகவே போனது. பேச்சு நின்றதும் புகையும் ஒரு கணம் நின்றது, சத்தியமாக நான் பார்த்தேன்.

மாவு உருண்டை வைக்க இப்போது காட்டில் ஆள் இல்லை, மரத்துப் பெண் கோபப்படுவாள், அதனால்தான் அக்காவின் அப்பா எழுந்திருக்கவில்லை என்று எனக்குப் பட்டது. எட்டு வயதுக் கணக்கு அப்படித்தான் போகும். மறுநாள் அம்மா குளிக்கப் போன நேரம் அரிசி மாவு, தேங்காய்த் துருவல், சர்க்கரை எல்லாவற்றையும் பிசைந்து ஐந்து உருண்டை பிடித்தேன். டப்பாவிலிருந்து மூன்று கட்டியைத் திருடினேன். எங்கள் வீட்டில் காடு மாதிரி இருட்டாக இருந்த ஒரே இடம் அம்மாவின் கட்டிலுக்கு அடியில்தான். அங்கே வைத்து, தெரிந்த நல்ல வார்த்தையெல்லாம் சொன்னேன்.

எறும்புதான் காட்டிக்கொடுத்தது. அடுத்த வெள்ளிக்கிழமை மதியம், வரிசையாகப் போன எறும்பைப் பார்த்து அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். பிறகு போட்ட அலறலில் அப்பா தூக்கத்திலிருந்து ஓடிவந்தார்.

வேலைக்காரிகள் செய்வினை வைக்கிற கதைகள் அந்தக் கட்டிடத்தில் மாடிக்கு ஒன்று உலவின. அம்மா எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். இப்போது அவள் படுக்கிற கட்டிலுக்கு நேர் கீழே விரல் பதிந்த மாவு உருண்டைகள்.

"என் வயித்துல இருக்கறதையும் அழிக்கப் பாக்கறியாடி, பாவி!" என்று அக்காவைப் பார்த்துக் கத்தினாள். உடனே என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "நீ சொல்லு. இத யாரு வெச்சது?"

அம்மா அப்படிப் பயந்து நான் பார்த்ததே இல்லை.

"அக்கா" என்றேன்.

அக்கா மெதுவாகக் கீழே உட்கார்ந்தாள். ஒரு உருண்டையை எடுத்துப் பார்த்தாள். அதில் இருந்தது சின்ன விரல்களின் பள்ளம். என்னைப் பார்த்தாள். திரும்ப உருண்டையைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்து இறுக்கி அழுத்தினாள். ஐந்தையும் திரும்ப வைத்தபோது அவற்றில் அவளுடைய பெரிய விரல்கள் இருந்தன.

"நான்தான் மேடம் வெச்சேன்" என்றாள். குரலில் ஒரு பிசிறு இல்லை.

"கலாஸ், முடிஞ்சது" என்றார் அப்பா. "இனி ஒரு நாள் இவ இங்க இருக்கக்கூடாது."

மூன்று தடவை கேட்டும் கிடைக்காத டிக்கெட், ஞாயிற்றுக்கிழமைக்கே கிடைத்தது. அப்பாவின் சாமர்த்தியத்தை நினைத்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கிளம்பும்போது அம்மா அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பா லிஃப்டைப் பிடித்துவைக்கப் போனார். அக்கா பையிலிருந்து ஒரு பிடி அரிசி எடுத்து என் உச்சந்தலையில் தூவினாள். பயந்தவர்களின் உயிர் உடம்பைவிட்டுப் போகாமல் கெட்டியாக இருக்க அவர்கள் ஊரில் அப்படிச் செய்வார்களாம். குனிந்து என் காதில், "தேங்க்யூ பாப்பா" என்றாள்.

திட்டியிருந்தால், அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். காட்டிக்கொடுத்தவளுக்கு யாராவது நன்றி சொல்வார்களா? ஏதோ சாபம்தான் அவள் பாஷையில் இப்படி இருக்கிறது என்று நினைத்து, அவள் போனதும் பாத்ரூமில் நின்று தலையைக் கழுவிக் கழுவி அழுதேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை தெரு வழக்கம்போல அடங்கிக் கிடந்தது. அம்மா தணலில் சாம்பிராணியைப் போட்டாள். புகை வரவில்லை. கட்டி உருகி, உஸ்ஸென்று கறுப்பாகப் பரவி, கரி அணைந்தது. புதுக் கரி மூட்டினாள். அதுவும் அணைந்தது. "டப்பால ஈரம் பட்டிருக்கும்" என்றார் அப்பா.

எனக்குத் தெரியும் அது ஈரமில்லை என்று. டப்பாவில் இருப்பவள் அழ மறுக்கிறாள். நான் திரைக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு, டப்பாவுக்குள்ளிருந்து எழுந்து வந்து அவள் என்னை நோக்கிக் கை நீட்டப்போகிறாள் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் பொய் சொன்னது நான் ஒருத்திதான் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டிருந்தேன்.