ஒரு போட்டோதான், மாஸ்டர்!

சென்ற ஆண்டு ஆடி மாதம். திருப்பூர் வேலம்பாளையத்தில் நான் கட்டிங் மாஸ்டராக வேலை பார்க்கும் பனியன் கம்பெனி வாசலில், காலை டீ நேரத்தில் ஒரு வேன் வந்து நின்றது. காசநோய் இருக்கிறதா என்று நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் அரசாங்க வேன். எல்லோரும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று முதலாளி முந்தின நாளே சொல்லியிருந்தார்.

எனக்கு ஒரே எரிச்சல். ஷிப்மென்ட் நெருங்குகிறது, டேபிளில் துணி விரித்தது விரித்தபடி கிடக்கிறது, இப்போது போய் எக்ஸ்ரேயாம்! போதாக்குறைக்கு, எங்கள் டெய்லர்களில் பாதிப் பேர் பீகார், ஒடிசாக்காரர்கள். நோய் என்று தெரிந்தால் ரயிலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எவனோ கிளப்பிவிட்டிருந்தான். ஒருத்தரும் மெஷினை விட்டு அசையவில்லை. வேனில் வந்திருந்த சுகாதாரப் பணியாளர் அம்மா நேராக என்னிடம் வந்தார்.

"மாஸ்டர், நீங்க சொன்னா கேப்பாங்க. கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றார்.

அவ்வளவுதான், எனக்கு உச்சி குளிர்ந்துபோய்விட்டது. "அட, இதுக்குப் போயி இப்படி நடுங்கறீங்களே! ஒரு போட்டோதான். இப்பப் பாருங்க, மொதல்ல நான் போறேன்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு வேனில் ஏறினேன். இறங்கும்போது ஏதோ எலெக்‌ஷனில் ஜெயித்தவன் மாதிரி கையை வேறு தூக்கிக் காட்டினேன். பையன்கள் கைதட்டினார்கள். அப்புறம் ஒவ்வொருத்தராக வரிசையில் வந்து நின்றார்கள்.

எனக்கும் இருமல் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கட்டிங் டேபிளில் நிற்கிறவனுக்கு இருமல் இல்லாவிட்டால்தான் அதிசயம். எங்கள் ஊரில் இருமல் என்றால் பஞ்சுத் தூசி, பஞ்சுத் தூசிக்கு மருந்து வெல்லம். என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு துண்டு வெல்லம் இருக்கும். உடம்பு இளைத்ததற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். வீட்டில் பச்சைக் குழந்தை, ராத்தூக்கம் இல்லை என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்தக் குழந்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கொமரலிங்கத்தில் கட்டிக்கொடுத்த என் ஒரே மகளுக்குப் பல வருடம் கழித்துப் பிறந்த பெண் குழந்தை. பிரசவத்துக்கு வந்த மகள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். பேத்திக்கு அப்போது மூன்று மாதம். தொட்டிலில் போட்டால் ஊரைக் கூட்டுவாள். என் நெஞ்சின் மேல் குப்புறப் போட்டுத் தட்டிக்கொடுத்தால் போதும், அப்படியே தூங்கிவிடுவாள். "அப்புச்சி நெஞ்சுதான் இவளுக்குத் தொட்டலு" என்று மகள் என்னைக் காட்டிச் சிரிப்பாள்.

எங்கள் கம்பெனியில் எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்தது ஒரே ஒருத்தருக்கு. அது நான். சளியைப் பரிசோதித்தார்கள், காசநோய்தான் என்று உறுதியாகிவிட்டது. அந்த அம்மா நேரிலேயே வந்து சொன்னார்.

"எனக்கா? நல்லாப் பாத்தீங்களா? எனக்கு இருக்கறது பஞ்சு இருமலுங்க, வெல்லம் தின்னாப் போயிரும். வேற யாரோடதாவது இருக்கப் போவுதுங்க" என்றேன்.

"உங்களுதுதாங்க. ஆறு மாசம் விடாம மாத்திரை சாப்பிட்டாச் சரியாப் போயிரும். ஊட்ல யார் யாரு இருக்கறாங்க?"

அந்தக் கேள்வியில்தான் எனக்கு உயிரே போனது. தினமும் எந்த நெஞ்சின் மேல் அவளைப் போட்டுத் தூங்க வைத்தேனோ, அதே நெஞ்சில்தான் நோய்.

வீட்டுக்குள் போகவே கால் வரவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றபடியே என் சம்சாரத்திடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் உடனே சுதாரித்துக்கொண்டாள். "அங்கயே நின்னுட்டிருந்தா ஆச்சுங்களா? மாடி ரூமுக்குப் போங்க. கொழந்தைய நாளைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிரலாம்" என்றாள். மகள் குழந்தையை அணைத்துக்கொண்டு அழுதாள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

குழந்தைக்கும், கூடவே மகளுக்கும் சம்சாரத்துக்கும் பரிசோதனை எல்லாம் எடுத்தார்கள். முடிவு தெரியும் வரை நான் மாடியில் கிடந்தேன். கீழே பேத்தி அழும் சத்தம் கேட்கும். போய்த் தூக்க முடியாது. அவள் இருமுகிற மாதிரி இருந்தால் மாடிப்படி வரை வந்து காது கொடுத்துக் கேட்பேன். முருகா, எனக்கு எத்தனை மாத்திரை வேண்டுமானாலும் கொடு, அந்தப் பிஞ்சை மட்டும் விட்டுவிடு என்று வேண்டிக்கொண்டே இருந்தேன்.

முடிவு சொன்ன அந்த நாளை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவின் ஓரத்தில் தனியாக நின்றிருந்தேன். டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சொன்னார்: "கொழந்தைக்கு நோய் இல்லைங்க. வராம இருக்கறதுக்குக் கொஞ்ச மாசம் மருந்து குடுக்கணும், அவ்வளவுதான். அம்மாவுக்கும் பாட்டிக்கும் ஒண்ணுமில்லை."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அத்தனை பேர் பார்க்கிறார்கள் என்றுகூடத் தோன்றவில்லை, மாஸ்க் நனைகிற அளவுக்கு அழுதேன். வேனில் வந்த அந்த அம்மாவும் அங்கே இருந்தார். "நல்ல வேளைங்க மாஸ்டர், அன்னிக்கு நீங்க ஏறுனீங்க. இல்லீன்னா இன்னும் எத்தன நாளைக்கு வெல்லத்தத் தின்னுட்டு இருந்திருப்பீங்களோ!" என்றார். வீறாப்புக்கு ஏறிய வேன்தான் என் பேத்தியைக் காப்பாற்றியிருக்கிறது!

அதன் பிறகு மாத்திரை ஒரு நாள்கூடத் தவறவில்லை. முதல் நாள் சிறுநீர் சாயப்பட்டறைத் தண்ணீர் மாதிரி ஆரஞ்சு நிறத்தில் போக, அலறியடித்துக்கொண்டு அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். மாத்திரையின் நிறம்தான், பயப்படாதீர்கள் என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சில வாரங்களில் டாக்டர் அனுமதி கொடுத்ததும் வேலைக்குத் திரும்பினேன். யாராவது விலகி உட்காருவார்களோ என்று உள்ளூர உதைப்பு. யாரும் அப்படிச் செய்யவில்லை. ஆறு மாதம் முடிந்து கடைசி எக்ஸ்ரேக்குக் கிளம்பியபோது என் முகத்தைப் பார்த்த ஒடிசா டெய்லர் ஒருவர் மெஷினை நிறுத்திவிட்டு, "மாஸ்டர், பயம் வேணாம். ஒரு போட்டோதான்!" என்றார். செக்‌ஷனே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அந்தப் போட்டோவில் நெஞ்சு சுத்தமாக இருந்தது.

போன வாரம் டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர், "காசநோய ஒழிச்சுப் போடுவோம்ங்கறாங்க, பேப்பர்ல பாத்தா இத்தன ஆயிரம் பேருன்னு கணக்குப் போட்டுப் புதுசு புதுசா நோயாளிங்களக் கண்டுபுடிச்சுட்டே இருக்கறாங்க. எங்கீங்க ஒழியறது?" என்று அலுத்துக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. "ஏனுங்க, என்னையக் கண்டுபுடிக்கறதுக்கு முந்தி நான் அந்தக் கணக்குலயே இல்லீங்க. அதுக்காக எனக்கு நோயில்லாம இருந்துச்சுங்களா?" என்றேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால், கொமரலிங்கத்திலிருந்து மகள் வந்திருந்தாள். பேத்தி இப்போது தத்தித் தத்தி நடக்கிறாள். என்னிடம் வந்து மடியில் ஏறியவள், என் நெஞ்சில் அதே பழைய இடத்திலேயே கன்னத்தை வைத்துத் தூங்கிப்போனாள். பேப்பரில் போடுகிற அந்தக் காசநோய்க் கணக்கில் நான் ஒருத்தன் ஏறினேன், இவள் ஏறவில்லை. என் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய நிம்மதி எனக்கு வேறெதுவும் இல்லை.