பிரேக் மிதியில் கேட்ட பெருமூச்சு

என் மச்சினன் தூங்கிப்போய்த்தான் வண்டியை மோதினான் என்று ஊர் முழுக்கச் சொன்னவன் நான்தான். கோத்தகிரியிலிருந்து கேரட் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கியவன், ஒரு கொண்டை ஊசி வளைவில் மலைப்பக்கச் சுவரில் கொண்டுபோய் அடித்தான். வலது முட்டி நொறுங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "பிரேக் கல்லாட்டம் ஆயிருச்சுங்க மாமா. அதுக்கு முன்னால காலடியில யாரோ பெருமூச்சு உட்டாங்க" என்றான். எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. "பெருமூச்சும் இல்லை, பேயும் இல்லை. அது உன்ற குறட்டை மாப்ளே" என்றேன். பக்கத்துக் கட்டில்காரர்கூடச் சிரித்துவிட்டார்.

வண்டி என்னுடையது. பழைய டீசல் பிக்கப். டிங்கரிங் பட்டறையில் முகப்பை நிமிர்த்தும்போது பிரேக்கையும் பார்க்கச் சொன்னேன். தெருவில் ரெண்டு சுற்று ஓட்டிவிட்டு, ஒரு குறையும் இல்லை என்றார்கள். அவ்வளவுதான், அதன்பிறகு என் வாயை யார் கட்டுவது? மண்டியில், டீக்கடையில், ஒரு கல்யாணப் பந்தியில்கூட அவனைத் தூங்குமூஞ்சி என்றுதான் சொன்னேன். இரண்டு மாதத்தில் அவனே தலையைக் குனிந்துகொண்டு, "தூங்கித்தான் போயிருப்பனாட்ட இருக்குதுங்க" என்று ஒத்துக்கொண்டான். பிறகு ஸ்டீயரிங்கைத் தொடவே இல்லை. பெண்டாட்டி ஊரான கோபிக்குப் போய், வாழைத்தார் எடை போடும் வேலையில் உட்கார்ந்துவிட்டான்.

அதிலிருந்து நானே ஓட்டினேன். போன மழைக்காலத்தில் ஒருநாள், காலை பதினோரு மணி இருக்கும், முட்டைக்கோஸ் பாரத்தோடு இறங்கிக்கொண்டிருந்தேன். பனி மூடி, முன்னால் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. அதே வளைவு. பிரேக்கில் காலை வைத்தேன்.

ஸ்ஸ்ஸ்... என்று ஒரு பெருமூச்சு, என் வலது காலுக்குப் பக்கத்தில். ரொம்ப நாள் நோயில் கிடந்தவர் விடுவதைப் போல, நீளமாக, அலுப்பாக. மிதி இறங்கவில்லை. இரண்டு காலையும் சேர்த்து ஊன்றினேன். கல்லை மிதித்தது போலிருந்தது. எப்படி முதல் கியருக்கு மாற்றினேன், எப்போது ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன் என்று இன்றுவரை ஞாபகமில்லை. சாக்கடை ஓரத்தில் சக்கரம் இடித்து வண்டி நின்றது.

அடக் கடவுளே, வெளியே என்ன நிசப்தம்! ஒரு குருவிச் சத்தம் இல்லை. இஞ்சின் ஓடுகிறது, அதற்கடியில் அந்த மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்க்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. தெரிந்த மெக்கானிக்குக்குப் போன் போட்டேன்.

"வண்டிக்குள்ள யாரோ இருக்காங்க" என்று உளறினேன்.

"ஆருமில்லீங்ணா. மிதி கல்லாட்டம் இருக்குதுங்களா? அப்ப வேக்குவம் லீக்குங்க. உங்க காலுக்குப் பலம் குடுக்கறதே இஞ்சின் உறிஞ்சற உறிஞ்சல்தானுங்க. ஹோஸ் எங்கியோ வெளிக்காத்தக் குடிக்குது. இஞ்சினை நிறுத்திப்போடாதீங்க. ஊதுபத்தி இருக்குமில்லீங்க?"

இல்லாமலா? சாமி படத்துக்கு முன்னால் கட்டே இருந்தது. சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு பானெட்டைத் தூக்கினேன். ஃபேன் காற்றுக்கு ஓர் அட்டையைத் தடுப்பாக வைத்துக்கொண்டு, அவர் சொன்னபடி கருப்பு ரப்பர் ஹோஸை ஒட்டிப் பத்தியை மெல்ல நகர்த்தினேன். புகை மேலேதான் போனது. கேபின் தகட்டை நெருங்கும் இடத்தில் மட்டும் சட்டென்று மடங்கி, கீழே இறங்கி, ஹோஸுக்குள் போய் மறைந்தது. அங்கே ஏதோ ஒன்று அதைக் குடித்துக்கொண்டிருந்தது.

விரலால் தடவினேன். துருப்பிடித்த கட்டுக்கம்பி ஒன்று ரப்பரை இறுக்கி, உள்ளே அறுத்துக்கொண்டு போயிருந்தது. கம்பியில் கருகிப்போன செவ்வந்திக் காம்பு ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்று முறுக்கு, முனை உள்பக்கம் மடக்கு. நான்தான் அப்படி முறுக்குவேன். மச்சினன் மோதுவதற்கு முந்தின ஆயுத பூஜையில், வெளியே மட்டும் மாலை போட்டால் போதாது, இஞ்சினுக்கும் தனியாகப் போட வேண்டும் என்று அடம்பிடித்துக் கட்டியவன் நான். பூ உதிர்ந்துபோனது, கம்பியை எடுக்க எனக்குத் தோன்றவில்லை. மலையில் சூடேறி ரப்பர் இளகி, குலுக்கலில் ஹோஸும் வளைந்தால்தான் வெட்டு வாயைத் திறக்கும்; எல்லா நாளும் அப்படி அமையாது. தெருவில் ரெண்டு சுற்றுக்குத் திறக்காது.

பேயாக இருந்திருக்கலாமே என்று அந்த நேரத்தில் மனதார ஆசைப்பட்டேன்.

கம்பியை வெட்டி எடுத்துவிட்டு, வண்டியில் கிடந்த டயர் டியூப் துண்டை ஹோஸ் மேல் இறுக்கிச் சுற்றி, முதல் கியரிலேயே ஊர்ந்து இறங்கினேன். மெக்கானிக் புது ஹோஸ் மாட்டினார். பழைய ஹோஸ் துண்டையும் கம்பியையும் பையில் போட்டுக்கொண்டு மறுநாள் கோபிக்குப் பஸ் ஏறினேன். திட்டட்டும், கன்னத்தில் நாலு போடட்டும் என்று தயாராகத்தான் போனேன்.

மச்சினன் காலை நீட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ஹோஸ் துண்டை அவன் கையில் கொடுத்து, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவன் ரப்பரை வளைத்தான், வெட்டு திறந்தது. விட்டான், மூடிக்கொண்டது. கம்பியை அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"அப்ப நான் தூங்கலைங்களா மாமா?"

"இல்லை மாப்ளே. முழிச்சுத்தான் இருந்தே."

அவன் முகம் கோணிக்கொண்டு போனது. வீட்டுக்குள் பார்த்துப் பெண்டாட்டியைக் கூப்பிட்டான். "அம்மணி, அடுப்ப அணைச்சுப்போட்டு வெளிய வா. மாமா என்ன சொல்றாருன்னு கேளு." பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னொருக்கா சொல்லுங்க மாமா. சத்தமாச் சொல்லுங்க. பக்கத்து ஊட்டுக்கும் கேக்கோணும்."