ஜவ்ஃபர் நானாவின் அசையாச் சொத்து

அன்று நான் சொல்லாமல் விட்டது ஐந்தே சொற்கள்: "நானா, அந்தப் பழத்தைத் தின்றது நான்தான்." நோன்பு மாதத்துச் சனிக்கிழமை ஒன்று அது. பிறகு சொல்லலாம் என்று வைத்திருந்தேன். வைத்திருந்து வைத்திருந்து இரண்டு வருடம் போய்விட்டது.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கலஹாவிலிருந்து பேராதனைக்கு இறங்கும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, எங்கள் ஓவிய வகுப்பின் வட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. ஜவ்ஃபர் நானா தூக்கத்திலேயே காலமாகிவிட்டார். அடக்கம் மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு. வாசித்தவுடன் எனக்கு நினைவுக்கு வந்தது அவருடைய முகம்கூட இல்லை. ஒரு சீப்பு வாழைப்பழம். பக்கத்தில் நின்ற அம்மா, "என்னம்மா, ஒரு மாதிரி இருக்கீங்க?" என்று கேட்டார். "தெரிஞ்சவர் ஒருத்தர் இறந்துட்டாருங்க" என்றேன். வாழைப்பழத்தைப் பற்றி அவரிடமும் சொல்லவில்லை.

நானாவைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பெரும்பாலானோருக்கு அவர் ஹாட்வெயார் கடைக்காரர். ஆணி, பூட்டு, சுவர்ப் பெயின்ட், எதைக் கேட்டாலும் முதலில் "என்னத்துக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுத்துத் தருவார். எங்கள் ஐந்து பேருக்கு அவர் சக மாணவர். நகரத்தில் ஒரு தையல் கடையின் மேல்மாடியில், ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர் ஒருவர் சனிக்கிழமைகளில் எண்ணெய் வர்ண ஓவியம் சொல்லித்தருகிறார். எங்களுக்கு அவர் சேர். நானா அங்கே முதல்முறை வந்தது ஒரு கேன் டர்பன்டைனைக் கொடுத்துவிட்டுப் போக. மேசையில் ஒரு பித்தளைக் கேத்தல், இரண்டு தோடம்பழம், சுருக்கம் விழுந்த ஒரு வெள்ளைத் துணி. ஐந்து பேர் பேச்சுமூச்சில்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். நானாவும் கேனை இறக்கிவைத்துவிட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் பொறுத்து, "இது எப்ப தொடங்கும்?" என்று கேட்டார்.

"இது தொடங்காது முதலாளி" என்றார் சேர். அவர் தமிழை ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துப் பேசும் சிங்களவர். "இது அசையாது. அதுதான் பாடம்."

அடுத்த சனிக்கிழமை நானா புதுப் பிரஷ்களோடு வந்து உட்கார்ந்தார். கதவுக்குப் பெயின்ட் அடிக்கும் பிரஷ்கள். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு.

இந்த வகைப் படத்துக்குத் தமிழில் என்ன பெயர் என்று ஒருநாள் என்னிடம் கேட்டார். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். ஒரு சொல் கேட்டால் இரண்டாகக் கொடுக்கும் பழக்கம் எனக்கு உண்டு. "அசையாப் பொருள் ஓவியம். நிலைப்பொருள் ஓவியம் என்றும் சொல்லலாம்" என்றேன். அவர் முதலாவதைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அது கடைக்காரர் வாயில் வேறாகிவிட்டது. "இனிச் சனிக்கிழமையில நான் கடையில ஈக்க மாட்டேன், அசையாச் சொத்து விசயமாப் போறேன்" என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அவர் குண்டசாலைப் பக்கம் காணி பார்க்கிறார் என்று அந்த மனுஷி நான்கு மாதம் நம்பியிருந்தார். தன் தங்கைமாருக்கும் சொல்லிவிட்டார். ஒருநாள் பொறுக்கமுடியாமல், "எவ்வளவு பெருசு?" என்று கேட்க, நானா கன்வஸ் அளவைச் சொல்லியிருக்கிறார்: "பதினாறு இஞ்சிக்கு இருபது."

"அதுல கக்கூசு கூடக் கட்டேலாதே!"

அந்த மனுஷியின் பெயர் நஸீமா. "ஒங்கட தாத்தா வட்டிலப்பம் குடுத்து அனுப்பினா" என்று நானா முதல்முறை என்னிடம் ஒரு கிண்ணத்தை நீட்டியபோது நான் திகைத்துப்போனேன். என் தாத்தா இறந்து ஒன்பது வருடம். அவர்கள் பேச்சில் நானா என்றால் அண்ணன், தாத்தா என்றால் அக்கா என்று பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து எனக்கும் அவர் நஸீமா தாத்தா.

படம் வரைவதில் நானாவின் பிரச்சினை ஒன்றுதான். எண்ணெய் வர்ணம் காய நாள் எடுக்கும். மழைக்காலத்துக் கண்டியில் வாரம் எடுக்கும். மெல்லிய பூச்சு முதலில், அது காய்ந்த பிறகு எண்ணெய் கூடிய பூச்சு, அதன் மேல் இன்னொன்று. இதைச் சேர் விளக்கியபோது, "சுவருக்கும் இதுதானே சேர், அண்டர்கோட்" என்று நானா உடனே பிடித்துக்கொண்டார். சுவர் அழுகுவதில்லை என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை. அவருடைய பப்பாசி மூன்றாவது வாரம் மேசையிலேயே உட்கார்ந்துபோனது. மாம்பழத்தில் பூச்சி வந்தது. "ஒயிலுக்கு அவசரம் இல்ல தங்கச்சி. பழத்துக்குத்தான் அவசரம்" என்பார். ஒரு வருடத்தில் ஏழு படம் தொடங்கினார். ஒன்றும் முடியவில்லை.

ஒருமுறை பொறுமையிழந்து, கடையிலிருந்து கதவுக்குப் பூசும் வார்னிஷைக் கொண்டுவந்து ஈரப் படத்தின் மேல் அடித்துவிட்டார். அதில் ஒரு ஈ வந்து ஒட்டிக்கொண்டது. அவர் அதைக் கிள்ளி எடுக்கப் போக, சேர் தடுத்தார். பழைய காலத்து ஓவியர்கள் பழத்தின் மேல் வேண்டுமென்றே ஒரு ஈயை வரைவார்களாம், பார்ப்பவர் கையால் விரட்டப் பார்க்கும் அளவுக்கு. நானா ஈயைக் குனிந்து பார்த்தார். "அப்ப இதான் நான் முடிச்ச ஒரே சாமான்" என்றார்.

ஆனால் நிறம் என்று வந்தால் எங்கள் யாருக்கும் அவர் கண் கிடையாது. முப்பது வருடம் பெயின்ட் கலந்து கொடுத்த கண். வெள்ளைத் துணியின் நிழலுக்கு நாங்கள் கறுப்பைக் கலந்து அழுக்காக்கிக்கொண்டிருக்கும்போது, அவர் எட்டிப் பார்த்து, "அதுல கறுப்பு எங்க தங்கச்சி ஈக்கி? ஊதாவும் கொஞ்சம் மண்ணிறமும். மழைக்கு நனைஞ்ச சுவரைக் கண்டதில்லையா?" என்பார். சரியாக இருக்கும். இப்போது மழையில் நனைந்த சுவர்களை நான் நின்று பார்க்கிறேன்.

இன்னொன்றிலும் அவர் கண்டிப்பு. லின்சீட் எண்ணெய் பட்ட துணியை உருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். நாங்கள் யாரும் நம்பவில்லை. தனக்குத் தெரிந்த ஒரு தச்சுப்பட்டறை அப்படித்தான் எரிந்தது என்றார். பிரஷ் துடைக்கும் துணிகளுக்கென்று மூடி போட்ட ஒரு டின்னைக் கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான்கு மணிக்கு அந்த டின்னைப் பின்பக்கம் கொண்டுபோய், துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயப்போடுவார். வேறு யாரையும் அந்த டின்னில் கைவைக்க விடமாட்டார். இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத்தான் வேண்டிய நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

அந்த நோன்பு மாதம் நானா ஒரு முடிவோடு வந்தார். பெருநாளைக்கு முன் ஒரு படத்தை முடித்து வீட்டுச் சுவரில் மாட்டவேண்டும். "காணிதான் இல்ல, படமாவது ஈக்கணும். நஸீமா தங்கச்சிமாருக்கு என்னத்தைக் காட்டுவா?" பித்தளைக் கேத்தல், ஒரு தட்டில் பேரீச்சம்பழம், ஐந்து பழம் கொண்ட ஒரு சீப்பு வாழைப்பழம். பழம் அசையாமலிருக்க மேசையில் சோக்கால் கோடு போட்டார். ஐந்து பழங்களும் கன்வஸில் மண்ணிற அடிப்பூச்சாக நின்றன.

மதியம் மற்றவர்கள் கீழே சாப்பிடப் போனார்கள். என் பையில் ரொட்டியும் சம்பலும் இருந்தது. காலை ஆறு மணி பஸ்ஸில் வெறும் தேத்தண்ணியோடு ஏறியவள் நான். "நீங்க சாப்பிடப் போகல்லையா தங்கச்சி?" என்று நானா கேட்டார். நோன்பிருக்கும் மனிதரிடம் பசி என்று எப்படிச் சொல்வது? "எனக்கும் இன்னைக்குச் சனிக்கிழமை விரதங்க" என்றேன். என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "மாஷா அல்லாஹ்! அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே கட்சி!" என்று சொல்லிவிட்டுத் தொழப் போனார்.

இனிக் கீழே போக முடியாது. சம்பல் பார்சலைத் திறந்தால் அறை முழுக்க வெங்காயம் மணக்கும். கால் மணி நேரம் நான் வாழைப்பழத்தைப் பார்த்தேன். அதன் மஞ்சளை, அதன் வளைவை, காம்பின் பச்சையை. என் வாழ்க்கையில் ஒரு பொருளை அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. சேர் இருந்திருந்தால் பாராட்டியிருப்பார். பிறகு ஓரத்துப் பழத்தைப் பிய்த்து மூன்றே வாயில் தின்றேன். படியில் காலடிச் சத்தம் கேட்டது. தோலை, கைக்கு எட்டிய துணி டின்னுக்குள் அமுக்கி மூடி, கையை என் பச்சைச் சல்வாரில் துடைத்தேன்.

நானா வந்து மேசையைப் பார்த்தார். நான்கு. கன்வஸைப் பார்த்தார். ஐந்து.

"அஞ்சு இருந்திச்சே."

"இருந்திச்சுங்களா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே மரக்கிளை. மலைப்பக்கத்திலிருந்து வரும் குரங்குகள் அதில் உட்கார்ந்து எங்கள் படங்களை ஏளனமாகப் பார்ப்பது வழக்கம். "குரங்கு" என்றார்.

"குரங்காத்தான் இருக்கும்" என்றேன் நான்.

சேர் படியேறி வந்து விசயத்தைக் கேட்டுவிட்டு, "குரங்கு ஒன்றை மட்டுமா எடுக்கும்? சீப்போடதானே போகும்?" என்றார்.

"நோன்பு மாசம் சேர்" என்றார் நானா. "அதுக்கும் ஒரு பயம் ஈக்கும்."

நான்கு மணிக்கு அவர் வழக்கம்போல டின்னைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். திரும்பி வந்து தட்டிலிருந்த பேரீச்சம்பழத்தில் மூன்றைக் கடதாசியில் சுற்றி என்னிடம் கொடுத்தார். "விரதம் தொறக்க. பஸ்ஸிலயே தொறந்தாலும் பரவாயில்ல. பயணக்காரருக்குச் சலுகை ஈக்கி." என்ன நல்ல மனிதர் என்று நினைத்து, கூச்சத்தில் குறுகி, பஸ்ஸிலேயே தின்றேன்.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் போனபோது ஜன்னல் முழுக்கக் கோழிக்கூட்டுக் கம்பிவலை அடித்திருந்தது. கடையிலிருந்து கொண்டுவந்து தானே ஏணியில் ஏறி அடித்திருந்தார். அந்த ஜன்னல்தான் எங்கள் ஒரே வெளிச்சம். அன்றிலிருந்து மேசைமேல் எது வைத்தாலும் அதன் மேல் கட்டம் கட்டமாக நிழல். கண்ணால் கண்டதை மட்டும் வரை என்பது சேரின் ஒரே சட்டம். ஆகவே இரண்டு வருடமாக எங்கள் கொய்யா, தோடம்பழம், பூச்சாடி எல்லாமே கூட்டுக்குள் இருப்பது போல வந்தன. சேர் பெருமூச்சு விடுவார். நானா, "என்ன செய்ய சேர், குரங்கு" என்பார். ஒவ்வொரு முறையும் அந்த ஐந்து சொற்கள் என் தொண்டைவரை வந்து திரும்பிப் போயின. ஒரு வாழைப்பழத்துக்காக ஐந்து பேரின் வெளிச்சத்தை மறைத்துவிட்டேன் என்பதை எந்த முகத்தோடு சொல்வது?

படத்தை அவர் பெருநாளைக்கு முன் முடித்துவிட்டதாகச் சொன்னார். ஈரம் காயவில்லை என்று துணி சுற்றியே வீட்டுக்குக் கொண்டுபோனார். எங்கள் யாருக்கும் காட்டவில்லை.

அடக்கம் முடிந்த மறுவாரம் நான் அவர் வீட்டுக்குப் போனேன். நஸீமா தாத்தா என் கையைப் பிடித்துச் சாப்பாட்டு அறைக்குக் கூட்டிப் போனார். சுவரைக் காட்டி, "இதான் அவர் வாங்கின காணி" என்றார். சிரித்தார், பிறகு அழுதார். நானும் அந்த வரிசையிலேயே.

படத்தில் வாழைப்பழம் நான்கு. ஐந்தாவது இருந்த இடத்தில் பிய்த்த காம்பின் காயம், அவ்வளவு அருமையாக. பேரீச்சம்பழம் ஈரமாக மின்னியது. கேத்தலின் பித்தளை வயிற்றில் ஜன்னல் வளைந்து தெரிந்தது. ஜன்னலுக்குப் பக்கத்தில் விரல்நகம் அளவில் ஒரு பச்சை உருவம். ஒரு கை வாயருகே.

"கேத்தல்ல என்ன பச்சையெண்டு கேட்டா, அதுதான் குரங்கு எண்டுவார்" என்றார் நஸீமா தாத்தா. "பச்சைச் சல்வார் போட்ட குரங்கை எங்கயும் கண்டிருக்கீங்களா தங்கச்சி?"

அந்த ஐந்து சொற்களையும் சொன்னேன். நானா என்ற முதல் சொல்லை மட்டும் மாற்றவேண்டியிருந்தது.

"தெரியுமே" என்றார். "தோலைத் துணி டின்னுக்குள்ள போட்டீங்களாமே. ஜன்னலால வீசியிருந்தா நானே நம்பியிருப்பேன் எண்டார்."

"அப்புறம் ஏன் என்கிட்ட கேக்கல?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'அந்தப் புள்ள எனக்காகப் பசியை மறைச்சிது, நான் அதுக்காக ஒரு குரங்கைக் கொண்டுவரக் கூடாதா?' எண்டார்."

"அப்ப அந்தக் கம்பிவலை?"

"குரங்கெண்டு செல்லிட்டு வலை அடிக்காட்டி யார் நம்புவா?"

கண்ணால் காணாத ஒன்றை நானா வரைந்தது அந்த ஒரே முறைதான். படம் அந்தச் சுவரிலேயே இருக்கட்டும்; அது நஸீமா தாத்தாவின் காணி. மழைக்கு நனைந்த சுவரின் நிறத்தை நான் வைத்துக்கொள்கிறேன். துணி டின்னும் இப்போது என் பொறுப்பு. நான்கு மணிக்குப் பின்பக்கம் கொண்டுபோய், ஒவ்வொன்றாக எடுத்து நனைத்து விரித்துப் போடுகிறேன்.

சேரிடமும் மற்றவர்களிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். போன சனிக்கிழமை கம்பிவலையைக் கழற்றினோம். பித்தளைக் கேத்தலையும், ஐந்து பழம் கொண்ட ஒரு சீப்பு வாழைப்பழத்தையும் மேசையில் வைத்துவிட்டு, மதியம் எல்லோரும் கீழே சாப்பிடப் போனோம். நானும் போனேன். திரும்பி வந்தபோது கேத்தல் இருந்தது. சீப்பைக் காணவில்லை.