ஏழுக்கு எத்தனை?

எண்பதுகளின் கடைசியில் மனச்சிதைவு நோய் பற்றிய ஓர் ஆராய்ச்சியில் எனக்கு வேலை கிடைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டர் அதை நடத்தினார். வீட்டிலிருந்தபடி மாத்திரை சாப்பிடும் நோயாளிகளை மாதம் ஒரு முறை நான் போய்ப் பார்த்துக் கேள்விகள் கேட்க வேண்டும். காதில் யாரோ பேசுகிற மாதிரி இருக்கிறதா, யாரோ கெடுதல் செய்வதாகத் தோன்றுகிறதா என்று வரிசையாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஏழு வரை ஓர் எண் போட வேண்டும். தொந்தரவே இல்லையென்றால் ஒன்று, முற்றிப் போயிருந்தால் ஏழு. எண் கூடினால் டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார். தாளை வீட்டாரிடம் காட்டவும் கூடாது, எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று சொல்லவும் கூடாது. அது கண்டிப்பு.

எனக்கு வயது இருபத்து மூன்று. மதுரையில் படித்து முடித்த திமிர் வேறு. ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இராஜபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால், கலெக்டரே ஆய்வுக்கு வந்த மாதிரிதான் நடப்பேன்.

நான் போன வீடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஓர் அக்காவும் தம்பியும் இருந்த வீடு. பஸ் போகிற சாலையை ஒட்டிய ஒற்றை அறை. அக்கா பஞ்சாலையில் வேலை பார்த்தார். அம்மா இறந்த பிறகு தம்பியை வளர்த்தது அவர்தான். தம்பி என்னைவிட ஒரு வயது இளையவன், அதனால் நானும் தம்பி என்றே கூப்பிட்டேன். பிளஸ் டூ பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும்போதே, யாரோ எழுந்து போகச் சொன்னார்கள் என்று பேனாவை மூடிவிட்டு வெளியே வந்தவன். நோய் வெளியே தெரிந்தது அன்றைக்குத்தான். ஐந்து வருஷம் கழித்து, மாத்திரையின் தயவில், பேண்டேஜ் கம்பெனி ஒன்றில் துணியை உருட்டிச் சுருள் போடும் வேலைக்குப் போனான். அவனுக்குக் கிடைத்த முதல் வேலை அது. அவன் போட்ட சுருள் ஒன்றை அக்கா சாமி படத்துக்குக் கீழே வைத்திருந்தார்.

நான் போகும் நாளில் தம்பி குளித்து, தலை வாரி, நெற்றியில் திருநீறோடு உட்கார்ந்திருப்பான். பக்தியான குடும்பம் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். காபியை வைக்கும்போது கொஞ்சம் அதிகமாகவே குனிவார். அதையும் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். அப்படிப்பட்ட கெட்டிக்காரி நான்.

முதல் மூன்று மாதமும் எண் நன்றாக இறங்கியது. குரல் பற்றிய கேள்விக்கு ஐந்து, மூன்று, பிறகு இரண்டு. நான்காம் மாதம் திடீரென்று தம்பி நிறையப் பேசினான். குரல் கேட்கிறதாம், திட்டுகிறதாம், பக்கத்து ஊரான சேத்தூருக்கு வா என்று கூப்பிடுகிறதாம். "நல்லா சொல்றீங்க தம்பி" என்று ஊக்கப்படுத்தி ஐந்து போட்டேன். டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அடுத்த மாதம் ஆறு. இன்னும் கூட்டினார்.

ஆறாம் மாதம் போனபோது மாத்திரையின் வேகத்தில் தம்பியின் கை நடுங்கியது. டம்ளரில் இருந்த காபி தளும்பியது. சுருள் கோணலாக வருகிறதென்று கம்பெனியில் நிறுத்திவிட்டார்கள். "கை சரியான பொறவு வரச் சொல்லிட்டாக" என்றார் அக்கா. அதைக் கேட்க எனக்குத் தாங்கவில்லை. சாமி படத்துக்குக் கீழே இருந்த சுருளைப் பார்க்காமல் ஃபைலைத் திறந்தேன்.

"குரல் கேக்குதா?"

"கேக்குது டீச்சர்."

"ஆம்பளைக் குரலா, பொம்பளைக் குரலா?"

தம்பி திணறினான். அவன் கண் எனக்குப் பின்னால் போனது. எதிரே இருந்த பீரோக் கண்ணாடியில் பார்த்தேன். அடுப்புப் பக்கம் நின்றுகொண்டு அக்கா இல்லாத மீசையை முறுக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"ஆம்பளைக் குரல்" என்றான் தம்பி, நிம்மதியாக.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "என்னக்கா இது?" என்று கத்தியே விட்டேன். அக்கா அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார்.

"மாசாமாசம் மார்க்கு கொறைஞ்சுகிட்டே வந்துச்சே டீச்சர். அஞ்சு எடுத்த பிள்ள ரெண்டு எடுத்தா பெயிலுன்னு மாத்திரைய நிறுத்திக் கழிச்சு விட்டுருவீகளே. ஏற்கெனவே ஒரு பரீட்சையை விட்டுட்டு வந்தவன். அவன் நெறைய பேசுனாத்தான் நீங்க நெறைய எழுதுறீக. அதான் நான் சொல்லிக் குடுத்தேன்."

"நெசமா இப்போ குரல் கேக்குதா?" என்று தம்பியிடம் கேட்டேன்.

"அது நின்னு மூணு மாசம் ஆச்சு டீச்சர். அக்கா ஆசைப்பட்டுச்சு."

அப்போதுதான் எல்லாம் உறைத்தது. பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்குப் பூசிவிட்ட திருநீறு, தாளை எட்டிப் பார்க்கக் குனிந்து வைத்த காபி, டீச்சர் என்ற அழைப்பு. கண்டிப்பையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, அக்கா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "இது மார்க்கு இல்லக்கா. ரேங்க் மாதிரி. ஒண்ணுதான் ஒசத்தி" என்றேன். அக்கா என்னைப் பார்த்தார், பிறகு தம்பியின் கையைப் பார்த்தார். "ஐயோ, அப்ப இந்த நடுக்கம் என்னாலயா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். உங்களால் மட்டுமில்லை என்று சொன்னேன். உண்மையும் அதுதான்.

டாக்டர் முழுவதையும் கேட்டுவிட்டு, "எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்னு சும்மாவா சொன்னாங்க" என்று எனக்கு அர்ச்சனை நடத்தினார். கடைசி மூன்று மாதத் தாள்களையும் ஆராய்ச்சியிலிருந்து நீக்கினார். மாத்திரையைக் குறைத்து எழுதும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அக்காவுக்காக நோயாளியா நடிக்கிற அளவுக்குத் தேறிட்டானே!" என்றார்.

கை சரியாக இரண்டு மாதம் ஆனது. அதுவரை நான் சரியாகத் தூங்கவில்லை. கம்பெனியில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள்.

ஆராய்ச்சியின் கடைசி மாதம் நான் போனபோது, தம்பி அக்காவை வெளியே போகச் சொன்னான். அவர் முணுமுணுத்துக்கொண்டே போய் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றார். எல்லாக் கேள்விக்கும் ஒன்று, ஒன்று என்று போட்டுக்கொண்டு வந்தேன். குரல் கேட்கிறதா என்றதும் இல்லை என்றான். நான் பேனாவை வைக்கும் முன், "செத்த இருங்க டீச்சர்" என்றான்.

"ரெண்டு போடுங்க. காலையில மில்லு சங்கு ஊதுறப்ப, அம்மா என் பேரச் சொல்லிக் கூப்பிடுற மாதிரி கேக்கும். எப்பவாச்சும்தான்."

"அக்கா சொல்லிக் குடுத்ததா?"

"அதுக்குத்தானே அவளை வெளிய நிறுத்தியிருக்கேன்."

இரண்டு போட்டேன். ஜன்னலிலிருந்து அக்கா, "ஏலே, எம்புட்டு?" என்றார்.

"ஒண்ணே ஒண்ணுல மட்டும் ரெண்டுக்கா. அம்மா குரலு."

அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

"அது இருந்துட்டுப் போகட்டும் டீச்சர். ரெண்டாம் ரேங்க்கும் நல்ல ரேங்க்தான்."