காரி மாடும் மூன்று இலவச ஆப்களும்

சினை ஊசி போடும் தொழிலில் ஊசி பாதிதான், மீதி தேதி. எந்த மாட்டுக்கு என்றைக்குப் போட்டோம், மூன்றாம் மாதம் சினை பார்ப்பது எப்போது, ஒன்பது மாதம் ஒன்பது நாள் கழித்துக் கன்று போடுவது எப்போது என்பதெல்லாம் கைவசம் இருக்க வேண்டும். எங்கள் முதலமடைப் பக்கம் மழை குறைவு. திடீரென்று பெய்த ஒரு மழையில் பைக் பெட்டிக்குள் இருந்த என் டைரி கூழாகிப் போனது. அன்றிலிருந்து நானும் உங்களில் ஒருவன்: இலவசக் குறிப்பு ஆப் ஒன்றை இறக்குவது, திட்டுவது, அழிப்பது, அடுத்ததை இறக்குவது.

ருக்குமணி அக்காவின் காரி என்கிற கறுப்பு மாடு மட்டும் இல்லாவிட்டால் இதை விளையாட்டாகவே விட்டிருப்பேன். போன ஈற்றில் யாரும் இல்லாத நேரம் பார்த்து வலி வந்து, கன்று வெளியே வரும் முன்பே செத்துப்போனது. இந்த முறை ஊசி போட்ட அன்று அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கன்னு போடற அன்னைக்கு டாக்டரோட நீங்க வந்து நிக்கோணுமுங்க தம்பி."

எல்லாம் லட்சுமி

முதல் ஆப்பில் கலர் கலராகச் சீட்டு ஒட்டலாம். மாட்டின் பெயரைத் தலைப்பாக வைத்தேன். ஒரு வாரம் ராஜா மாதிரி இருந்தேன். பிறகு கருப்புசாமி அண்ணன் போன் செய்து, நம்ம லட்சுமிக்கு என்றைக்கு ஊசி போட்டது என்று கேட்டார். தேடினால் பதினான்கு லட்சுமி வந்து நின்றார்கள். எங்கள் பக்கம் மாடு வாங்கினால் வேறு பெயரே யாருக்கும் தோன்றாது. எந்த லட்சுமி என்று கேட்டுத் தொலைத்தேன். அண்ணனுக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"ஏனுங்க, மாடுதான் தெரியலீன்னா, பேசறது யாருன்னுமா தெரியலீங்க?"

தொட்டி மேல் ஏறியவன்

இரண்டாவது ஆப்பில் மாட்டுக்காரர் பெயரில் தனித்தனி ஃபோல்டர் போட்டேன். பார்க்க அத்தனை அழகு. ஆனால் நெட் இருந்தால்தான் திறக்கும் என்பது பழனிசாமி அண்ணனின் மாந்தோப்புக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அவர் மாடு கட்டும் கட்டுத்தறியில் சிக்னல் கிடையாது. அவர் மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க, தேதி பார்க்க நான் வரப்புக்கு ஓடினேன், மோட்டார் ரூமுக்கு ஓடினேன், கடைசியில் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிப் போனை வானத்துக்குக் காட்டினேன்.

"மாடு சும்மாதானுங்க நிக்குது, உங்களையத்தான் புடிச்சுக் கட்டோணுமாட்ட இருக்குது."

மணியடிக்கும் ஆப்

மூன்றாவது, நெட் இல்லாமலே திறக்கும். நாள் வந்தால் மணியும் அடிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, பழையதைப் பார்த்துப் பார்த்து எல்லாத் தேதியையும் புதியதில் கையால் அடித்தேன்.

அடுத்த வாரம் நான் குளித்துக்கொண்டிருக்கும்போது அது முதன்முதலாக மணியடித்தது. போன் அடுப்படியில் இருந்தது. திரையில் 'ருக்குமணி, மூணு மாசம், போய்ப் பார்க்கணும்' என்று வந்ததாம். என் மனைவி தோசையைக் கல்லிலேயே விட்டுவிட்டுக் குளியலறைக் கதவுக்கு வந்தாள்.

"ருக்குமணிக்கு மூணு மாசம்னா உங்களுக்கு எதுக்குங்க மணி அடிக்குது?"

அக்காவின் போன்

அதற்குப் பிறகு ஒவ்வொரு குறிப்பிலும் மாட்டின் போட்டோவையும் சேர்த்தேன். வீட்டில் அமைதி திரும்பியது. இனிமேல் என்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில் ருக்குமணி அக்கா கூப்பிட்டார்.

"மடி எறங்கிப் போச்சுங்க. இன்னைக்குத்தான நாளு, இன்னுங் கெளம்பலீங்களா?"

ஆப்பைப் பார்த்தேன். இன்னும் ஒரு மாதம் இருந்தது. அதைக் கொஞ்சம் கெத்தாகவே சொன்னேன். அக்கா போனை வைத்துவிட்டு ஒரு வாய்ஸ் மெசேஜை அனுப்பினார். ஊசி போட்ட அன்று நான் தேதி சொன்னதைப் பதிந்து, தனக்குத்தானே அனுப்பி வைத்திருக்கிறார். என் குரல்தான். சொன்ன நாளும் இன்றுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை மாதத்தைத் தப்பாக அடித்திருக்கிறேன்.

மிருகாசுபத்திரி டாக்டரைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு பறந்தேன். காரி படுத்து முக்கிக்கொண்டிருந்தது. கன்றின் முன்னங்கால் ஒன்று உள்ளே மடங்கியிருந்தது. டாக்டர் கையை விட்டு அதை நேராக்கினார், மூன்று பேருமாக இழுத்தோம். கிடாரிக் கன்று. அது தும்மியதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கன்றைத் துடைத்தபடியே சொன்னார்.

"அது போவுதுங்க தம்பி, அடுத்த ஊசிக்கும் நீங்க வாயில சொல்லுங்க, நான் போன்ல புடிச்சு வெச்சுக்கறேன்."

இலவச ஆப்களில் எது நல்லது என்று யார் கேட்டாலும் ருக்குமணி அக்காவின் போன் என்று சொல்லிவிட்டு, நான் நாலாவதை இறக்கிக்கொண்டிருக்கிறேன்.